அப்படி யாரும் இங்க இல்லீங்க

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, சித்தேரி மலை கண்ணுக்கு நேரே நிற்கிற ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஏன் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் இருப்பது மலேசியாவில், கிள்ளானில். பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு வருடப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் என்ற பாடத்தை இருபத்திரண்டு வருடமாக நடத்தி வருகிறேன். அரசு என்றால் என்ன, குடிமகன் யார், அதிகாரம் எங்கிருந்து வருகிறது, மக்கள் ஏன் நாடு விட்டு நாடு போகிறார்கள் என்று கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண். மற்றபடி நான் ஒரு இடத்தில் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாதவள். போன வருடம் கால் உடைந்து இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தபோது பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்குக் காரணம் மாதேஷ்தான். எங்கள் வீட்டுக்கு எதிர்க்கடையில் ரொட்டி சானாய், அதாவது எங்கள் ஊர்ப் பரோட்டா, வீசுகிறவன். மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, அஞ்சு நிமிஷம் நின்று ஏதாவது பேசிவிட்டுப் போவான்.

மாதேஷின் சொந்த ஊர்தான் நான் பெயர் சொல்லாத அந்த ஊர். வந்து ஏழு வருடம் ஆகிறது. இரண்டாம் வருடமே பர்மிட் முடிந்துவிட்டது. கடவுச்சீட்டை வாங்கி வைத்திருந்த ஏஜெண்டு அதோடு எங்கோ போய்விட்டார். மாதேஷ் விமானம் ஏறும்போது மனைவியின் வயிற்றில் இருந்த பெண் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அப்பாவைப் பார்த்திருப்பது போன் திரையில் மட்டும்தான்.

காகிதம் இல்லாதவர்கள் அபராதம் கட்டிவிட்டு ஊருக்குப் போகலாம் என்று எங்கள் அரசாங்கம் ஒரு சலுகை கொடுத்திருந்தது. மாதக் கடைசியோடு அது முடிகிறது. அதற்குப் பிறகு பிடிபட்டால் தடுப்பு முகாம். போவதற்குக் கடவுச்சீட்டுக்குப் பதிலாக ஒரு பயணத்தாள் வேண்டும். அதை இந்தியத் தூதரகம் தர வேண்டுமென்றால் இவன் இந்தியன்தான் என்று சொந்த ஊர் போலீஸ் எழுதி அனுப்ப வேண்டும். விண்ணப்பம் முழுக்க நான்தான் எழுதினேன். ஆறு வாரம் கழித்து வந்த பதில் இதுதான்: விசாரித்ததில் அந்த முகவரியில் அப்படி ஒரு ஆள் இல்லை.

அந்த முகவரியில் அவனுடைய அப்பா இருக்கிறார். தினமும் போனில் பேசுகிறார். ‘ஏம்ப்பா இப்படி?’ என்று மாதேஷ் கேட்டால் ‘பாத்துக்கலாம் உடு’ என்று சொல்லி வைத்துவிடுகிறாராம். எனக்குப் பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. மாதக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பா மலேசியாவில் பிறந்து மலேசியாவிலேயே செத்தவர். கடைசிவரை அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. சிவப்பு என்றால் இருக்கலாம், ஆனால் குடிமகன் இல்லை. தேர்தல் நாளில் அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை அவர் பள்ளிக்கூட வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ‘அப்படி ஒரு ஆள் இல்லை’ என்ற வரியைப் படித்ததும் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பாப்பிரெட்டிப்பட்டியில் டவுன் பஸ் ஏறினேன். நூறு ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் அதைப் பார்க்கவேயில்லை. ஒரு சீட்டைக் கிழித்து என் கையில் திணித்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். பக்கத்தில் மடியில் வெற்றிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள், பொம்பளைகளுக்குக் காசு கிடையாது என்று விளக்கினார். நான் இந்த நாட்டுக்காரி இல்லை, இது முறையில்லை என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பொம்பளைதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் என்ன என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. மாதேஷ் இங்கேயே பிறந்தவன், அவனுக்கு ஆயிரம் கேள்வி. நான் நேற்று வந்து இறங்கியவள், எனக்கு இலவசச் சீட்டு.

சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. பாதி வழியில் குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் சாய்ந்து, சாலை முழுக்கக் கிழங்காகக் கிடந்தது. நாங்கள் மரவள்ளி என்போம். பஸ் நின்றது. டிரைவர் இறங்கிப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார். பயணிகளில் பாதிப்பேர் இறங்கிக் கிழங்கு பொறுக்கி லாரிக்காரரின் சாக்கில் போட ஆரம்பித்தார்கள். யாரும் கத்தவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் இப்படி நடந்தால் பத்து நிமிஷத்தில் நாலு அதிகாரி வந்து நாலு விதமாக எழுதிக்கொண்டு போவார்கள். நான் பஸ்ஸைச் சுற்றி நடந்தேன். முன்னால் இருபது அடி, பின்னால் இருபது அடி. முக்கால் மணி ஆயிற்று.

என் நடையைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன வெற்றிலை அம்மாள், பின்னாலிருந்து வந்த ஒரு இருசக்கர வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, இவங்களை ஏத்திக்கிட்டுப் போப்பா என்றார். நாற்பது வயது இருக்கும் அவனுக்கு. ஒல்லியான ஆள், தலையில் துண்டு. உடைந்து சேர்ந்த காலை அந்தப் பக்கம் தூக்கிப் போடுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. போகிற வழியில் எங்கிருந்து வருகிறேன், யார் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டான். முனியப்பன் வீட்டுக்கு, மாதேஷின் அப்பா என்றேன். வண்டி ஒரு நொடி வேகம் குறைந்தது.

“அப்படி யாரும் இங்க இல்லீங்க” என்றான்.

ஆனாலும் அந்தத் தெருமுனையில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். நான் நன்றி சொல்லத் திரும்பினால் ஆள் இல்லை.

இரண்டு வரிசையாகப் பதினைந்து இருபது வீடுகள். பாதி அரசாங்கம் கட்டிக்கொடுத்த தளம் போட்ட வீடு, பாதி ஓடு. முதல் வீட்டில் கேட்டேன். அப்படி யாரும் இல்லை. எதிர் வீட்டில் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண், கை வேலையை நிறுத்தாமலேயே இல்லை என்று சொல்லி, வேறு ஊராக இருக்கும் என்றாள். அவளுக்குப் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெரியவர் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். முனியப்பன் வீடு எது என்று அவரிடமும் கேட்டேன். முனியப்பன் என்று இந்தத் தெருவில் யாரும் கிடையாது என்று அவர் மிகுந்த மரியாதையோடு சொன்னார், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. மாதேஷுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, போனைத் தெருவைப் பார்க்கத் திருப்பினேன். கிள்ளானில் மாலை நேரம். பின்னால் கல்லில் ரொட்டி வேகிற புகை.

“அப்பா, டீச்சருங்கப்பா. நம்ம டீச்சர்” என்றான் மாதேஷ்.

ஆட்டுக்குத் தழை கட்டிய பெரியவர் தலை குனிந்தார். அவர்தான் முனியப்பன். பக்கத்து வீட்டில் புளியோடு உட்கார்ந்திருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது வீட்டிலிருந்து யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். சற்று நேரத்தில் தெரு முழுக்க மாதேஷை நலம் விசாரித்தது. ‘அப்படி யாரும் இல்லை’ என்று சொன்ன அத்தனை பேரும் போனுக்குள் எட்டிப் பார்த்து, இளைத்துவிட்டான் என்றார்கள். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

புளிக்காரப் பெண்ணின் பெயர் மல்லிகா. விஷயத்தைச் சொன்னவள் அவள்தான். அவள் வீட்டில்தான் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு. களியும் கீரைக் கடைசலும். நான் களியை மென்று மென்று வாய் வலிக்க உட்கார்ந்திருந்தேன். மெல்லக் கூடாது, முழுங்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். பசியாறிவிட்டேன் என்று நான் சொன்னதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு ரசித்தாள்.

மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வேலை இல்லாத காலங்களில் ஆட்களை லாரியில் ஏற்றிப் போக யாராவது வருவார்களாம். காப்பித் தோட்டம் என்று சொல்லி ஏற்றி, ஆந்திராக் காட்டில் செம்மரம் வெட்ட இறக்கிவிடுவார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. வந்தவர்கள் பின்னாலேயே வழக்கும் வந்தது. அன்றிலிருந்து தெருவில் ஒரு கட்டுப்பாடு. காக்கிச் சட்டையோ கையில் தாளோடு வெளியாளோ வந்து எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், அந்தப் பெயரில் ஆள் கிடையாது. ஏன் கேட்கிறார்கள் என்று யோசிக்கவே கூடாது. யோசித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வீடு சொன்னதைத்தான் எல்லா வீடும் சொல்ல வேண்டும். அப்படித்தான் மாதேஷைப் பற்றி விசாரிக்க ஏட்டு வந்தபோது, அவன் அங்கே ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டான் என்று நினைத்து, பெற்ற அப்பாவே அப்படி மகன் எனக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மகனைக் காப்பாற்றிவிட்டதாகவே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

என்னை ஏற்றிவந்தவன் யார் என்று அப்போதுதான் தெரிந்தது. பின்கட்டில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். மல்லிகாவின் கணவன் வேடியப்பன். லாரியில் போய்த் திரும்பியவர்களில் ஒருவன். மூன்று வருடமாக அவன் இந்தத் தெருவில் இல்லை. அதாவது இங்கேயேதான் இருக்கிறான்.

மறுநாள் காலை முனியப்பனிடம் பேசினேன். ஸ்டேஷனுக்குப் போய், அவன் என் மகன்தான், பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் போதும், நானும் கூட வருகிறேன் என்றேன். மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பயம் போலீஸிடம் இல்லை என்பது எனக்குப் புரிய நேரமாயிற்று. ஒரு வீடு பொய் சொன்னோம் என்று ஒப்புக்கொண்டால், தெரு சொன்னது எல்லாமே பொய் என்று ஆகிவிடும். அடுத்த தடவை வேடியப்பனைக் கேட்டு வருகிறவர்கள் ‘இல்லை’ என்பதை நம்பிவிட்டுப் போக மாட்டார்கள், வீட்டுக்குள் வருவார்கள். அவர் இதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொன்னார். நான் வாசலுக்கும் ஆட்டுக் கொட்டிலுக்கும் நடந்துகொண்டே கேட்டேன். என் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி உண்டு. அரசை நம்பாத சமூகங்கள் தமக்குள் ஒரு சட்டம் வைத்துக்கொள்ளும் என்று இருக்கும். அதைப் பிள்ளைகளுக்குக் குறை சொல்கிற குரலில்தான் இத்தனை வருடமும் நடத்தியிருக்கிறேன்.

பதினொரு மணிக்கு மாதேஷின் மனைவி சத்யா வந்து சேர்ந்தாள். அவள் பிறந்த வீடு மாரண்டஹள்ளி. அங்கே காய்கறி மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறாள். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ‘கெளம்புங்க மாமா’ என்றாள். முனியப்பன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் இரண்டு மணி நேரம் பேசிச் செய்ய முடியாததை அவள் இரண்டு வார்த்தையில் செய்துவிட்டாள். எனக்கு லேசாக ரோஷம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்டேஷனில் அன்றைக்கு விசாரிக்க வந்த அதே ஏட்டுதான் இருந்தார். நரைத்த மீசை, நிதானமான ஆள். முனியப்பனைப் பார்த்ததும், என்னங்க, அன்னிக்கு இல்லாத மகன் இப்ப பொறந்துட்டானா என்றார். முனியப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மாதேஷின் புகைப்படங்கள், விண்ணப்பத்தின் நகல், என் கடவுச்சீட்டு எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினேன். ஏட்டு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். மறு விசாரணை செய்து அனுப்பலாம், ஆனால் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுத முடியாது, அந்த முகவரிக்கு வந்துதான் எழுத வேண்டும், அப்பா சொன்னால் மட்டும் போதாது, அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நாளைக்குக் காலை வருகிறேன் என்றும் சொன்னார்.

இரண்டு கையெழுத்து. எங்கள் நாட்டில் என்றால் பக்கத்து வீட்டுச் சீனரையும் எதிர்வீட்டு மலாய்க்காரரையும் கூப்பிட்டால் தேநீர் ஆறுவதற்குள் போட்டுவிடுவார்கள். இங்கே அந்த இரண்டு கையெழுத்தைப் போடுகிறவர்கள், அன்றைக்கு ‘இல்லை’ என்று சொன்ன அதே வாயால் ‘உண்டு’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் பொழுது இறங்குகிற நேரத்தில் எல்லோரும் முனியப்பன் வாசலில் கூடினார்கள். வேகவைத்த குச்சிக்கிழங்கு ஒரு தட்டில் வந்தது, தேங்காய் துருவிப் போட்டு. நாங்கள் காரமாகச் சம்பால் வைத்துத் தின்போம். யாரும் அதிகமாகச் சாப்பிடவில்லை. ஒருவர் தன் மகன் கேரளாவில் இருக்கிறான், அவன் பெயர் எந்தத் தாளில் இருக்கிறதோ தெரியாது, நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். இன்னொருவருக்குக் கையெழுத்து என்றாலே நில விவகாரம்தான் நினைவு. கடைசியில் எல்லோரும் மல்லிகாவைத்தான் பார்த்தார்கள். முனியப்பன் வீட்டுக்கு ஒட்டிய வீடு அவளுடையது. ஏட்டு முதலில் கூப்பிடப்போவது அவளைத்தான்.

அவள் தன்னால் முடியாது என்றாள். மாதேஷை எடுத்து வளர்த்ததில் தனக்கும் பங்கு உண்டு, அவன் வர வேண்டாம் என்று யார் சொன்னது, ஆனால் இந்தத் தெரு பேச்சு மாறுகிறது என்று தெரிந்தால் முதலில் போவது என் தாலி என்றாள். சொல்லும்போது அழவில்லை. எனக்கு அவள்மேல் கோபப்பட முடியவில்லை. இரண்டு நாள் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

சத்யா அதுவரை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

“அக்கா, உங்க வூட்டு ஆளு இல்லேன்னு சொன்னா, அவரு வூட்டுக்குள்ள இருக்காருங்க. எங்க வூட்டு ஆளு இல்லேன்னு சொன்னா, அவரு எங்கியுமே இல்லீங்க.”

மல்லிகா எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை என்றால் ஒன்பது மணி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏட்டு வந்தபோது பன்னிரண்டரை. அதற்குள் நான் அந்தத் தெருவை எத்தனை தடவை அளந்தேன் என்று கணக்கே இல்லை. இதற்கிடையில் மாதேஷ் ஆறு தடவை போன் செய்துவிட்டான். ஏழாவது தடவை நான் எரிந்து விழுந்தேன். பிறகு நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

ஏட்டு முனியப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடிமேல் தாளை வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினார். பெயர், அப்பா பெயர், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான், எப்போது போனான். மாற்றுச் சான்றிதழை சத்யா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். என்னிடம், இவன்தான் அவன் என்று உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார். இரண்டு மாதம் அவன் கையால் சாப்பிட்டவள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். சாட்சி யார் என்று கேட்டார்.

தெருவில் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். மல்லிகா புளிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். எங்கே போட வேண்டும் என்று கேட்டு, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அதைப் பார்த்துவிட்டு, கேரளாவில் மகன் இருக்கிற பெரியவர் வந்து இரண்டாவதாகப் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் நான் திருத்திய எந்த விடைத்தாளிலும் இந்த மாதிரி ஒரு பதிலைப் பார்த்ததில்லை.

ஏட்டு தாளை மடிக்கவில்லை. அவருடைய கையெழுத்துதான் பாக்கி. மல்லிகாவிடம், உங்க வூட்டுக்காரரு எங்கீங்க என்று கேட்டார். கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள். ரொம்ப நாளாகவா என்றார். ரொம்ப நாளாகத்தான் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். தெருவில் பொய் சொல்லத் தேவையில்லாத ஒரே ஆள் நான்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

“டீச்சர், மூணு நாளா இங்க இருக்கீங்க. இவங்க வூட்டுக்காரரு, வேடியப்பன்னு பேரு. பாத்தீங்களா?”

முந்தாநாள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஊருக்கே வந்தேன். அந்த வண்டி மல்லிகா வீட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. ஏட்டின் மடியில் கையெழுத்தில்லாமல் மாதேஷ் கிடந்தான். தெருவில் ஒரு ஆள்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். யோசிக்கவே கூடாது என்று மல்லிகா சொல்லியிருந்தாள். நான் யோசித்தேன். அவன் வெட்டியது தப்பா, ஏமாற்றிக் கூட்டிப்போனது தப்பா, இதெல்லாம் கோர்ட்டில் சொல்ல வேண்டியது, அதுதானே சட்டம் என்று எனக்குத் தெரிந்த எல்லாமும் ஒரு மூச்சில் வந்து போயிற்று.

“அப்படி யாரையும் நான் பார்க்கலீங்க” என்றேன்.

அந்த ‘ங்க’ எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் நான் அப்படிப் பேசியதே இல்லை.

ஏட்டு என்னையே பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற வண்டியைப் பார்த்தார்.

“கடல் தாண்டி இருக்கறவன நல்லாத் தெரியுதுங்க உங்களுக்கு. பக்கத்து வூட்டுக்காரன தெரியல” என்றார். “வெளிநாட்டுக்காரங்க வந்து தங்கினா எழுதிக் குடுக்கணும். இவங்க குடுக்கல. அப்படிப் பாத்தா, நீங்களும் இந்தத் தெருவுல இல்லீங்க.”

கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். முனியப்பன் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தத் தாள் போய்ச் சேர்ந்தது, பயணத்தாள் வந்தது, மாதக் கடைசிக்கு நான்கு நாள் முன்னால் மாதேஷ் விமானம் ஏறினான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சத்யாவும் மகளும் விமான நிலையத்துக்கு வந்திருந்தார்களாம். குழந்தை அவனைப் பார்த்து, போனில் இருப்பதைவிடக் கறுப்பு என்றதாம். எனக்கு இப்போது எதிர்க்கடையில் ரொட்டி சாப்பிடப் பிடிக்கவில்லை. புதிதாக வந்திருப்பவன் கல்லின் சூடு பார்க்கத் தெரியாதவன்.

ஆனால் நான் சொல்ல வேண்டியது அன்றைக்கு மத்தியானத்தோடு முடிகிறது. இரண்டு மணி பஸ்ஸுக்கு என்னை வழியனுப்ப மல்லிகாதான் வந்தாள். பையை அவளே வாங்கிக்கொண்டாள். சரியாகச் செய்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் முன்னால் இனி எப்படி நிற்பது என்று ஒரு பக்கம், அவன் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பக்கம். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்து மரத்தடியில் பையை வைத்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தாள். தன் வீட்டுக்காரருக்கும் ஒரு பாஸ்போர்ட்டு எடுத்து அங்கே கூட்டிக்கொண்டு போய்விட முடியாதா என்று கேட்டாள். இங்கே எத்தனை நாளைக்கு ஒளிந்து வாழ்வது, அங்கே போனால் நாலு காசாவது வரும், நீங்கள் சொன்னால் அந்தக் கடைக்காரர் கேட்பார் இல்லையா என்றாள்.

ஏழு வருடம் ஒருவன் அங்கே மாட்டிக்கொண்டு, அவன் இருக்கிறான் என்று நிரூபிக்க ஒரு தெருவே பயந்து நடுங்கியதை அவள் இப்போதுதான் பார்த்தாள். முதல் கையெழுத்தைப் போட்டவளே அவள்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, அவள்மேல் இல்லை. மாதேஷ் கிளம்பியதும் அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்க ஒரு ஆள் வேண்டியிருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அங்கே வேலை எதுவும் இல்லை என்று சொன்னேன்.

மல்லிகா என் முகத்தைப் பார்த்தாள். சற்று முன் ஏட்டு பார்த்த மாதிரியேதான் பார்த்தாள்.

“அப்பறம் மாதேஷ் இத்தன வருஷம் அங்க என்னங்க பண்ணிட்டு இருந்தான்?” என்று கேட்டாள்.